மூலையில் வைத்த ஏணி

கோடை வந்துவிட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் டென்வரிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போய்வந்து படம் போடுவார். கூடவே ஒரு வரி தவறாமல் இருக்கும்: "வயோமிங்கில் ஆறு மணி நேரம் ஓட்டினோம், ஒண்ணுமே இல்லைங்க, வெறும் பொட்டல்." பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே எழுதியவன்தான். இந்த வாரம் மறுபடி அந்த வரியைப் பார்த்ததும் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன்.

பார்வைக்குப் பொட்டல்தான், மறுக்கவில்லை. 2020 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க 5,76,851 பேர். டென்வர் நகரத்துக்குள் மட்டும் அதைவிட அதிகம். சாம்பல் பச்சையில் முழங்கால் உயர சேஜ் புதர்கள், அதற்கு மேல் வானம், இரண்டுக்கும் நடுவே காற்று. லாரமி, ராலின்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே ஐ-80 நெடுஞ்சாலையை மலையடிவாரம் வழியாகப் போடாதீர்கள், பனிக்காற்று சும்மா விடாது என்று பண்ணைக்காரர்கள் முன்பே சொன்னார்கள். கேட்கவில்லை. 1970 அக்டோபரில் திறந்தார்கள், சில நாளிலேயே பனியில் மூடினார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஸ்னோ சி மின் ட்ரெயில்', வியட்நாம் போரில் பேர்போன 'ஹோ சி மின் ட்ரெயில்' பாதையைக் கேலியாகத் திரித்து.

ஒரு நவம்பரில் நானும் ராலின்ஸில் மாட்டினேன். நம்மூர் ரயில்வே கேட் மாதிரி சாலைக்குக் குறுக்கே கட்டையை இறக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். மோட்டலில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலை காற்று ஓய்ந்திருந்தது. சாலை திறக்கும் வரை சும்மா இருக்க முடியாமல் ஊருக்குத் தெற்கே ஒரு சரளைப் பாதையில் காரை விட்டேன்.

அங்கேதான் பார்த்தேன். ஏழெட்டு ப்ராங்ஹார்ன்கள் முள்கம்பி வேலியோரம் வந்து நின்றன. மான் மாதிரி இருக்கும், ஆனால் மான் இனம் இல்லை. இந்தக் கண்டத்தில் அதைவிட வேகமாக ஓடும் விலங்கு கிடையாது. அப்படிப்பட்டது இடுப்பு உயர வேலியைத் தாண்டிக் குதிக்கும் என்றுதானே நினைப்போம்? குதிக்கவில்லை. முதலில் வந்தது முன்னங்கால்களை மடக்கி, கீழ்க்கம்பிக்கு அடியில் தலையை நுழைத்து, முதுகு உரச உரச அந்தப் பக்கம் போனது. மற்றவை வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக அதே இடத்தில் நுழைந்தன. போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தால் கம்பி முள்ளில் வெள்ளையும் பழுப்புமாகக் கொத்துக் கொத்தாய் முடி. வேலியே இல்லாத சமவெளியில் வளர்ந்த இனம், குதிக்கும் பழக்கமே அதற்கு வரவில்லை.

கார் பழுதாகிவிட்டதோ என்று ஒரு பிக்கப் டிரக் பக்கத்தில் வந்து நின்றது. அங்கே யாரும் பார்த்தும் பார்க்காமல் போக மாட்டார்கள். ஓட்டி வந்த பெரியவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெட் ரிம் கதை தெரியுமா?" என்றார். அவர் பாதி சொன்னார், மீதியை மோட்டலில் உட்கார்ந்து நானே தேடிப் படித்தேன்.

கதைக்கு முன்னால் ஒரு கணக்கு. 1860களில் யூனியன் பசிபிக் ரயில்பாதை போடுவதற்கு அமெரிக்க அரசு உதவியாக நிலம் கொடுத்தது. பாதையின் இரு பக்கமும் 20 மைல் வரை நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று ரயில் கம்பெனிக்கு. கறுப்புக் கட்டம் கம்பெனிக்கு, வெள்ளைக் கட்டம் அரசாங்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தன் கட்டங்கள் பலவற்றைப் பண்ணைக்காரர்களுக்கு விற்றது. நாம் 'பொட்டல்' என்று சொல்லிக்கொண்டே கடக்கும் ஐ-80 ஓரம் முழுக்க இன்றும் இந்தச் சதுரங்கப் பலகைதான். தரையில் ஒரு கோடும் தெரியாது.

1983-ல் ராலின்ஸ் பக்கம் ரெட் ரிம்மில் ஒரு பண்ணைக்காரர் 28 மைலுக்கு வேலி போட்டார். தன் கட்டங்களின் ஓரமாகவே போட்டார், ஆனால் நடுவில் இருந்த அரசு நிலமும் சேர்ந்து உள்ளே அடைபட்டது. குளிர்காலத்தில் மேயப் போகும் ப்ராங்ஹார்ன் கூட்டம் வேலியோரம் நின்று பட்டினியில் செத்தது. என் நிலம், என் வேலி என்றார் அவர். பொது நிலத்தை அடைக்கக் கூடாது என்று 1885-லேயே ஒரு சட்டம் இருந்தது, மாட்டுப்பண்ணை முதலாளிகளை அடக்கப் போட்டது. அதை வைத்து 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அப்புறம் மனிதர்கள் முறை. ராலின்ஸுக்குக் கிழக்கே எல்க் மவுண்டன் என்று ஒரு மலை. 2021-ல் மிசூரியிலிருந்து நாலு வேட்டைக்காரர்கள் ஒரு இரும்பு ஏணியோடு வந்தார்கள். இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் ஒரே ஒரு புள்ளியில் தொடுகின்றன. அந்தப் புள்ளியை அடைத்தபடி இரண்டு கம்பங்களும் சங்கிலியும். இவர்கள் ஏணியை அரசு நிலத்தில் நிறுத்தி, ஏறி, மறுபக்கம் அரசு நிலத்தில் இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால் படவே இல்லை. என் நிலத்துக்கு மேலிருக்கும் காற்றில் நுழைந்தார்கள் என்று வழக்கு! நஷ்டஈடு 70 லட்சம் டாலருக்கு மேல் கேட்டார் நிலத்துக்காரர். அத்துமீறி நுழைந்ததாகப் போட்ட குற்ற வழக்கில் அதே ராலின்ஸில் ஜூரி 2022-ல் வேட்டைக்காரர்களைக் குற்றமற்றவர்கள் என்று விட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதே 1885 சட்டத்தையும் ப்ராங்ஹார்ன் வழக்கையும் காட்டி, மூலை தாண்டலாம் என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பு சரி. ஊர்ச் சொத்துக்குக் காவல்காரனாக நின்று, வாசலை அடைத்து, உள்ளே தான் மட்டும் அனுபவிப்பதைச் சொத்துரிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சின்னப் பண்ணைக்காரர்களின் எரிச்சலும் பொய்யில்லை. கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவன், மாட்டுக்கு நடுவே சுடுகிறவன் எல்லாம் உண்டு. எல்லாரும் கோடீஸ்வரர்களும் இல்லை.

எனக்கு நெருடுவது வேறு. 'பொது நிலம்' என்று கொண்டாடுகிறோமே, அது யாருடையதாக இருந்தது? நீங்கள் லாண்டர் ஊரைத் தாண்டி வடக்கே போனால் விண்ட் ரிவர் பழங்குடி நிலத்துக்குள்தான் ஓட்டுகிறீர்கள். 1868-ல் ஷோஷோனி பழங்குடித் தலைவர் வாஷக்கியோடு ஒப்பந்தம் போட்டு அவர்களுக்குக் கொடுத்தது அது. பக்கத்தில் சவுத் பாஸில் தங்கம் கிடைத்திருந்தது. 1872-லேயே தெற்குப் பகுதியை எழுதி வாங்கிவிட்டார்கள். 1878-ல் ஷோஷோனிகளின் பழைய எதிரிகளான அரபஹோக்களைக் கொண்டுவந்து அதே இடத்தில் இறக்கினார்கள். இதற்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வருஷம் 1937. வேடிக்கை என்னவென்றால், 1869-ல் வயோமிங் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அதே சவுத் பாஸ் ஊர்க்காரர். சொத்து நிபந்தனை இல்லாமல் அப்படிக் கொடுத்தது அமெரிக்காவில் அதுதான் முதல்.

அதே ரயில் பாதையில் இன்னும் மேற்கே ராக் ஸ்பிரிங்ஸ். ரயில் கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கம். 1875-ல் வேலைநிறுத்தத்தை உடைக்கச் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 1885 செப்டம்பர் 2 அன்று வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிகள் திரண்டு 28 சீனர்களைக் கொன்று, சீனர் குடியிருப்பைக் கொளுத்தினார்கள். கொன்றவர்களிலும் பலர் வந்தேறிகள்தான். தப்பியோடியவர்களை சான் பிரான்சிஸ்கோ போகிறோம் என்று ரயிலில் ஏற்றி, திரும்ப ராக் ஸ்பிரிங்ஸிலேயே இறக்கினார்கள், வேலைக்கு. யார் மீதும் குற்றச்சாட்டே பதிவாகவில்லை. விசாவோடு வந்து அந்த ஊரில் பெட்ரோல் போட்டுக் காபி வாங்கும் நாம் ஒரு நிமிஷமாவது இதை நினைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த தடவை போகிறவர்களுக்கு: ராலின்ஸில் 287 நெடுஞ்சாலையில் திரும்பி லாண்டர் வழியாகப் போங்கள், நேரம் கிடந்தால் சவுத் பாஸையும் எட்டிப் பாருங்கள். வேலியோரம் காரை நிறுத்தினால் கீழ்க்கம்பியில் முடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நவம்பர் என்றால் டாங்க் நிரப்பி, ஒரு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையை எப்போது இறக்குவார்கள் என்று சொல்ல முடியாது.