வாக்கி டாக்கிக்கு உரிமமே வேண்டாமா?

“புயலில் செல்போன் கோபுரங்கள் முடங்கும், எந்த வாக்கி டாக்கியையும் உரிமமின்றி வாங்கலாம், அது பொதுமக்கள் அலைவரிசை” என்ற செய்தி வேளச்சேரி, முடிச்சூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

2005ஆம் ஆண்டு விதிகள் உரிம விலக்கு அளிப்பது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிட்டிசன்ஸ் பேண்டு எனும் பொதுமக்கள் அலைவரிசைக்குத்தான். அதிலும் திறன் 5 வாட்டுக்குள், ஆன்டெனா கருவியுடன் இணைந்தே இருக்க வேண்டும். 2018இல் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த திறன் கருவிகளுக்கும் விலக்கு கிடைத்தது. மலிவாக விற்கப்படும் பல கருவிகளின் அட்டையில் ‘136–174’ மெகாஹெர்ட்ஸ் என்றிருக்கும். அதற்கு இந்த விலக்குகள் பொருந்தா. காவல்துறை உள்ளிட்ட அவசரச் சேவைகளின் தொடர்பில் குறுக்கிடும் ஆபத்தும் உண்டு. மழை வெள்ளத்தில் அந்தத் தொடர்பை நம்பித்தான் மீட்புப் படகுகள் வருகின்றன.

வாங்குமுன் அலைவரிசையையும் அரசு ஒப்புதல் சான்றையும் பாருங்கள். விதிகள் தொலைத்தொடர்புத் துறை இணையதளத்தில் உள்ளன. வெள்ள உதவிக்கு சென்னை மாநகராட்சி எண் 1913. தவறான செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.