ஓசியில் ஒரு கடிகாரம்

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் லண்டனுக்கு வந்த மூன்றாம் நாள் அவர்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலில் பையைச் சோதிக்கும் வரிசையில் நிற்கும்போது அப்பா கேட்டார்: "டிக்கெட் எங்கடா வாங்கணும்?" டிக்கெட்டே கிடையாது, ஓசிதான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப உள்ள பெருசா ஒண்ணும் இருக்காது."

முந்தின நாள்தான் லண்டன் டவர் கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பி வந்தவர். காசு கேட்டால் கொள்ளை, கேட்காவிட்டால் சரக்கு சரியில்லை!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயரே 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார்கள். அதோடு வாழ்நாள் கணக்கு முடிந்தது. அதனால்தான் எந்த ஊர் மியூசியத்துக்குப் போனாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடத் துடிக்கிறோம்.

இலவசம் என்பதில் எனக்குப் பிடித்ததே பாதியில் எழுந்து வந்துவிடலாம் என்பதுதான். இருபது பவுண்டு கொடுத்தவன் இருபது பவுண்டுக்கும் பார்த்தாக வேண்டும். கால் கடுக்கும், நாற்பதாவது அறையில் எல்லா ஜாடியும் ஒரே ஜாடியாகிவிடும். நான் இங்கே ஆறு வருடமாகப் போய் வருகிறேன், ஒரு தடவைக்கு ஒரு பொருள் என்று. ஹார்னிமன் மியூசியத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கும் வால்ரஸை, அதாவது நீண்ட தந்தமுள்ள கடல் விலங்கை, பார்க்க மட்டுமே ஃபாரஸ்ட் ஹில் வரை ரயில் ஏறியிருக்கிறேன். அதைப் பதப்படுத்தியவர் உயிருள்ள வால்ரஸைக் கண்டதில்லை. தோலில் மடிப்பு இருக்க வேண்டும் என்று தெரியாமல், சுருக்கமே இல்லாதபடி திணித்துத் தள்ளிவிட்டார். காற்றடித்த லாரி டியூப் மாதிரி உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன், சிரித்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். டிக்கெட் இருந்தால் இதைச் செய்வேனா?

பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் திறந்தபோதும் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1974இல் கட்டணம் போட்டுப் பார்த்து சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் இயற்கை வரலாற்று மியூசியமும் அறிவியல் மியூசியமும் வசூலிக்க ஆரம்பித்தன. அவை மறுபடி இலவசமானது 2001 டிசம்பரில்தான். இதில் வாட் வரி ஒரு முட்டுக்கட்டையாக இருந்தது. டிக்கெட் விற்கும் மியூசியம் தான் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாம், இலவசமாக விடும் மியூசியம் பெற முடியாது. அதற்காகவே சட்டத்தைத் திருத்தினார்கள். அப்பா கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எகிப்திலிருந்து வந்த பழைய கல்வெட்டான ரொசெட்டா கல் முன்னால் நின்றுகொண்டு இந்த வாட் கதையைத்தான் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்.

சரி, எல்லாமே இலவசம் என்று நம்பிப் போகாதீர்கள். சிறப்புக் கண்காட்சிகளுக்குக் காசு உண்டு. உள்ளே காபியும் கேக்கும் வாங்கினால் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய் முன்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும் கட்டணம் வாங்கலாமே என்ற பேச்சு இங்கே அவ்வப்போது கிளம்புகிறது. நம்மவர்களிலேயே சிலர், "நியாயம்தானே, தாஜ்மகாலில் வெள்ளைக்காரனிடம் நாம் அதிகம் வாங்கவில்லையா?" என்கிறார்கள். தாஜ்மகால் ஆக்ராவில் கட்டியது, ஆக்ராவில் இருக்கிறது. இங்கே 33ஆம் அறையில் நிற்கும் நடராஜர் தமிழ்நாட்டில் வார்த்த சோழர் கால வெண்கலம். அவரைப் பார்க்க என் அம்மாவிடம் டிக்கெட் கேட்பதா?

அம்மா அவர் முன்னால் வெகுநேரம் நின்றாள். கும்பிடவில்லை. "இடுப்பெல்லாம் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா" என்றாள். கோயிலில் பட்டும் மாலையும் சாத்தி முகம் மட்டும்தானே தெரியும். தூக்கிய காலின் விரல்களைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "பாவம், ஒரு துண்டாவது கட்டி விட்டிருக்கலாம்."

'ஓசி' என்ற சொல்லே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது என்பார்கள். கம்பெனி வேலையாகப் போகும் தபாலுக்குக் காசு வாங்காமல் ஓ.சி.எஸ். ('ஆன் கம்பெனிஸ் சர்வீஸ்') என்று முத்திரை குத்தியதில் வந்ததாம். விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் திப்புவின் மரப்புலியும் கம்பெனிச் சரக்குதான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்து வந்து, 1808இலிருந்து லண்டன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரன் கழுத்தைப் புலி கவ்வியிருக்கும்; கைப்பிடியைச் சுற்றினால் அவன் முனகுவான். வந்தவனெல்லாம் சுற்றிச் சுற்றி, அங்கே நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவலி. ஓசியில் வந்ததை ஓசியிலாவது காட்டட்டும் என்பதுதான் என் கட்சி.

அன்று நாலு மணிக்கு அப்பாவைக் காணவில்லை. போனை எடுக்கவில்லை. தேடிப் போனால் மாடியில், கடிகாரங்கள் இருக்கும் அறையில் நிற்கிறார். பித்தளைத் தட்டில் வளைந்து வளைந்து ஒரு பள்ளம். அதில் சின்ன உருண்டை ஒன்று ஓடுகிறது. முனைக்குப் போய்த் தட்டினதும் தட்டு மறுபக்கம் சாய்கிறது, உருண்டை திரும்பி ஓடுகிறது. காங்கிரீவ் என்பவரின் வடிவமைப்பு, இருநூறு வருடப் பழசு.

"இது நேரம் ஒழுங்காவே காட்டாதாம்டா" என்றார், கண்ணை எடுக்காமல். "தூசி விழுந்தாக்கூட தப்பாயிடுமாம்."

அதற்குப் பிறகு மூன்று தடவை தனியாக பஸ் ஏறிப் போய் வந்துவிட்டார். ஊருக்குக் கிளம்பும் நாளில் பெட்டியெல்லாம் கட்டி வைத்தாயிற்று, விமானம் இரவு ஒன்பதரைக்கு. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "எங்கப்பா?" என்றேன்.

"சும்மாதானே விடுறான். ஒரு அரை மணி நேரம் பாத்துட்டு வந்துடறேன்."