நம்முடையது பிரைமரி ஒன் பாடமாம்

சனிக்கிழமை சொற்பொழிவைப் பற்றித்தான். வராதவர்களுக்கும் அந்த வீடியோ இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். முன்வரிசையில் இருந்த அந்த அம்மா, "நான் வேற, சாமி வேறன்னு இருந்தாத்தானே ஐயா கும்பிட முடியும்?" என்று கேட்டார். பேச்சாளர் சிரித்தார். "அது பிரைமரி ஒன் பாடம்மா. ஆத்மாவே பிரம்மம்னு புரியறதுதான் யுனிவர்சிட்டி." கூட்டமும் சிரித்தது.

பிரைமரி ஒன்னாம்! 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் நம் சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதம் செய்தது சின்னப் பிள்ளைகளுக்கா? பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற கட்டு, மூன்றுமே அனாதி, தொடக்கம் இல்லாதவை. உயிரை இறைவன் படைக்கவும் இல்லை, உயிரே இறைவனும் இல்லை. கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டு, ஆனால் வெளிச்சம் வேண்டும். உயிரும் அப்படித்தான், இருட்டோடு சேர்ந்தால் இருட்டு, ஒளியோடு சேர்ந்தால் ஒளி. சரி, முத்தியில்? அங்கேயும் அது காணாமல் போவதில்லை. திருவருட்பயனில் உமாபதி சிவம் ஒரே சொல்லில் காட்டிவிடுகிறார்: தாடலை. காதுக்கு ஒரு சொல். பிரித்துப் பாருங்கள், இறைவனின் தாளும் இருக்கிறது, அதில் பணிந்த உயிரின் தலையும் இருக்கிறது. இது பிரைமரி ஒன்னா?

உடனே, ஆத்மாவே பிரம்மம் என்ற அத்வைதத்தைச் சொன்ன சங்கரரைத் திட்டுகிறான் என்று கிளம்ப வேண்டாம். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகனுக்கு உப்பைத் தண்ணீரில் கரைத்துக் காட்டும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'தத்துவமசி', நீ அதுவே, என்று 9 முறை சொல்கிறார். அதே வாக்கியத்துக்கு ராமானுஜர் வேறு பொருள் சொன்னார். மத்வரோ 'அதத்துவமசி', நீ அது அல்ல, என்றே பிரித்துப் படித்தார். இவர்களெல்லாம் எந்த வகுப்பு என்றும் பேச்சாளர் சொல்லியிருக்கலாம்.

"நீ என்ன பண்டிதனா?" இல்லை, சரக்கு அனுப்பும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். "தமிழ் வெறி" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். விடியற்காலையில் தேவாரம் பாடாமல் வேலைக்குக் கிளம்பமாட்டார். அவர் போன மறுநாள் மண்டாய் தகனச் சாலையில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. கையா காலா தெரியவில்லை. உறவினர் ஒருவர் தோளைத் தட்டி, "ஆத்மாவுக்கு ஏதுப்பா சாவு? எல்லாம் மாயை" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே. ஆத்மாவுக்குச் சாவில்லை என்று கீதையும் சொல்கிறது, சித்தாந்தமும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது ஆறுதலாக வரவில்லை, என் வாயை அடைக்க வந்தது. சனிக்கிழமையும் அதே தொனி. எல்லாம் ஒரே பிரம்மமாம், ஆனால் மைக் வைத்திருக்கும் பிரம்மம் மைக் இல்லாத பிரம்மத்தைப் பார்த்துச் சிரிக்குமாம்.

அப்புறம் பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மா என் பக்கத்தில்தான் நின்றார். பிரசாத டப்பா கையில் அப்படியே இருந்தது. "நான் தப்பாக் கேட்டுட்டேனா தம்பி?"

"இல்லம்மா" என்றேன். கூட்டம் சிரித்தபோது நானும் பல்லைக் காட்டியதை அவர் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.