மிளகாயைக் குறை சொல்லாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பல் டாக்டரிடம் போக இரண்டே காரணங்கள்தான்: ஒன்று பல்வலி, மற்றது வீட்டில் கல்யாணம். கல்யாணத்துக்கு வருபவர்களுக்குக் கறை போனால் போதும். சில பெரிய கிளினிக்குகளில் அந்தக் கறையை எடுப்பவர் டென்டல் ஹைஜீனிஸ்ட். நாம் அவரை ‘அந்த நர்ஸம்மா’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

அவருக்கு 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திலேயே தனி இடம் இருந்தது. பல்லைச் சுத்தம் செய்வதோடு வாய்ச் சுகாதாரத்தைச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை என்றது அந்தச் சட்டம். நம் கிளினிக்குகளோ முதல் பாதிக்கு மட்டும்தான் சம்பளம் கொடுக்கின்றன. வெற்றிலை போடும் ஊரில் வாய்ப் புற்றுநோயைப் பற்றி முதலில் பேச வேண்டியவர் அவர்தான் என்பது என் கட்சி. டாக்டருக்கு வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். இவர் முன்னாலோ ஒரு வாய் நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் திறந்தே இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆச்சியை அண்மையில் அப்படி ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த ஹைஜீனிஸ்ட் பெண் எடுத்த எடுப்பில் கேட்டது, “ஆச்சி, எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள்?” என்றுதான். இடது பக்கம். கன்னத்தை விலக்கி, ஆச்சி கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். உள்ளே வெளிறிய ஒரு திட்டு. பஞ்சால் துடைத்தும் போகவில்லை.

“நான் புகையிலையைத் தொட்டதே இல்லை, வெறும் பாக்குதான்” என்றார் ஆச்சி. இங்கே பாதிப் பேரின் நம்பிக்கை இதுதான். ஆனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் தருவது என்று 2004இல் வகைப்படுத்திவிட்டது. அந்தப் பெண் இதையெல்லாம் பிரசங்கம் செய்யவில்லை. “பாக்கு மட்டுமே போதும் ஆச்சி, இதைக் கொண்டுவர. இன்று ராத்திரி அடக்கிக்கொண்டு தூங்காதீர்கள். பகலைப் பற்றி அடுத்த முறை சண்டை போடுவோம்” என்றார். தன் மாமியார் தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்டதை ஆச்சி விடாமல் எடுத்துச் சொன்னார். அதற்கும் தலையாட்டிவிட்டு, அந்தப் பெண் சீட்டு எழுதி டாக்டரிடம் அனுப்பினார். நோயைத் தீர்மானிப்பது டாக்டரும் சதைச் சோதனையும். கண்டு சொல்லி அனுப்புவதற்கு இவர் போதும்.

இது வெறும் ஆசை இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

“தாம்பூலம் நம் மரபு” என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: தட்டில் வைத்துக் கொடுப்பதுதான் மரபு. நாள் முழுக்கக் கன்னத்தில் ஊறவைப்பதை எந்தச் சாத்திரமும் கேட்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியும் காட்சிப் பொருளாக விலை போகின்றன. பழக்கம் மட்டும் பொட்டலத்துக்குக் குடிமாறிவிட்டது. குட்காவுக்கு 2013இல் தமிழ்நாட்டில் தடை வந்தது. பெட்டிக்கடைக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

இளைஞர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். பாக்கு மென்று மென்று வாயின் உட்தசை நாராக இறுகும். மூன்று விரலைச் சேர்த்து நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்காது. அதற்கும் முன்பே காரம் பட்டால் எரியத் தொடங்கும். பிறந்தது முதல் நம் ஊர்க் கோழிக் குழம்பைச் சாப்பிட்டவனுக்கு இருபத்தைந்து வயதில் திடீரென்று அது எரிகிறது என்றால், மிளகாயைக் குறை சொல்லாமல் வாயைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, எதுவானாலும் அப்படித்தான்.

கோயில் திருவிழாவுக்குச் சர்க்கரை பார்க்கிறோம், கண் பார்க்கிறோம், ரத்தம் கொடுக்கிறோம். அதே பந்தலில் ஒரு நாற்காலி, ஒரு டார்ச், ஒரு ஹைஜீனிஸ்ட். உபயம் யார் என்று வேண்டுமானால் பெரிய எழுத்தில் பலகை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.