சூரியன் தூங்கப் போகிறதாம்!

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்த ஃபார்வர்ட். 2030-ல் சூரியன் தூங்கப் போகிறதாம், குட்டிப் பனியுகம் வருகிறதாம். 2015-லிருந்து சுற்றுகிற கதை.

மூலம் இல்லாமல் இல்லை. 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் கிட்டத்தட்டக் காணாமலே போயின. ஐரோப்பாவிலும் அப்போது கடுங்குளிர். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்தக் குளிர் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது என்பதை ஃபார்வர்ட் சொல்லாது. கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியில் சூரிய ஒளி கூடிக் குறைவதே 0.1 சதவீதம்தான். நாம் ஏற்றிவைத்திருக்கும் கரியமில வாயுவுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

11 ஆண்டுக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு உச்சத்தின்போதும் சூரியனின் காந்தத் துருவங்கள் இடம் மாறுவதால், பழைய நிலைக்குத் திரும்ப 22 ஆண்டு ஆகும். அதுவும் சரி. அதற்கு மேல் சொல்கிற 88 ஆண்டு, 200 ஆண்டுச் சுழற்சிகளில்தான் எனக்குத் தயக்கம். 1755-ல் தொடங்கிய சுழற்சிக்கு எண் 1 கொடுத்தார்கள். இப்போது நடப்பது 25. இத்தனை காலத்தில் 88 ஆண்டுச் சுற்று மூன்றுதான் அடங்கும். மூன்றைப் பார்த்துவிட்டு நான்காவதை அடித்துச் சொல்ல முடியுமா?

மர வளையங்கள் இன்னும் பின்னால் கூட்டிப்போகும். சூரியனின் காந்தப்புலம் வலுத்தால் விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்கள் குறையும், அவை காற்றில் உண்டாக்கி மரத்தில் சேரும் கார்பன்-14-உம் குறையும். அதில் 200 ஆண்டுத் துடிப்பு தெரியத்தான் செய்கிறது. ஆனால் சில காலம் தூக்கலாக, சில காலம் மங்கலாக. கடிகாரம் மாதிரி இல்லை.

இவ்வளவு ஏன், நாசாவும் அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவாவும் கூட்டிய நிபுணர் குழு 25-வது சுழற்சியின் உச்சத்தில் கரும்புள்ளி எண் 115-ஐ ஒட்டி இருக்கும் என்று 2019-ல் சொன்னது. 2024-ல் வந்தது சுமார் 160.

கணிப்புக்குக் கிடைக்கிற விளம்பரம், தினமும் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் ஊர் மருந்துக்கடைக்காரர் ஷ்வாபே, புதனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோள் இருக்கும் என்று 1826 முதல் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோள் சிக்கவில்லை, 1843-ல் கரும்புள்ளிச் சுழற்சியை அறிவித்தார். நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்து, மேகம் விட்ட நாளெல்லாம் படம் எடுத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் 20 செ.மீ. அகலச் சூரியன், அதில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். நூறாண்டுத் தட்டுகளை டிஜிட்டலாகவும் மாற்றிவிட்டார்கள். புதுத் தொலைநோக்கிக்கு ரிப்பன் வெட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தத் தொடர் அறுந்துபோகாமல் இருக்கவும் காசு ஒதுக்கட்டும். 88 ஆண்டுச் சுழற்சி மெய்யா என்று நம் பேரப்பிள்ளைகள் பார்க்க வேறு வழி கிடையாது.

2030 வாக்கில் சூரியன் வழக்கம்போலக் கொஞ்சம் அடங்கும். அப்போது அதன் துருவங்களில் காந்தப்புலம் எவ்வளவு என்று பார்த்து 26-வது சுழற்சியை ஓரளவு சொல்லலாம். 27? அதை வாட்ஸ்அப் மாமாவிடம் கேளுங்கள்.