பந்தியில் பத்து வினாடி

கடைக்காரர்: அக்கா, உங்கள் கல்யாண வீடியோ கேசட் ரெடி. கேசட் மூன்று மணி நேரம், ஒரு டிவிடியில் தரமாகப் போட்டால் இரண்டு மணி நேரம்தான் பிடிக்கும். அதனால் இரண்டு டிஸ்க். முதலாவதில் தாலி, இரண்டாவதில் பந்தி.

அக்கா: பூஞ்சை பிடித்திருந்ததே, தம்பி?

கடைக்காரர்: அதை ஏன் கேட்கிறீர்கள், ரவை தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. துடைக்காமல் போட்டிருந்தால், கேசட் ஓட்டுகிற டெக்கில் டேப்பைப் படிக்கிற ஹெட் போயிருக்கும். புது டெக் வாங்கலாம் என்றால், கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது.

அக்கா: சரி, சத்தம் கேட்கிறதா?

கடைக்காரர்: சூப்பராக! (போட்டுக் காட்டுகிறார்.)

அக்கா: இது பாட்டு.

கடைக்காரர்: ஆமாம்.

அக்கா: எங்கம்மா வாயசைக்கிறார், ஆம்பிளைக் குரல் வருகிறது.

கடைக்காரர்: பழைய பாட்டு கரகரவென்று இருந்தது அக்கா. அதனால் அதே பாட்டை டிஜிட்டலில் எடுத்து மேலே போட்டேன்.

அக்கா: பாட்டுக்கு மேல் பாட்டா?

கடைக்காரர்: அதற்குத் தனியாகக் காசு இல்லை.

அக்கா: 1994-ல் அந்த மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பேசினார்கள், சிரித்தார்கள், எங்கள் சித்தப்பா சாம்பாருக்காக ஒரு சண்டையே போட்டார். ஒருத்தர் குரலும் இதில் இல்லை. பாடியவர் குரல் மட்டும் இருக்கிறது, அவர் ஒரு ரூபாய் மொய்கூட வைக்கவில்லை. யார் செய்த மிக்ஸிங் இது?

கடைக்காரர்: எங்கப்பா. நீங்களும் மாமாவும் இதயத்துக்குள் சுற்றுவீர்களே, அதுவும் அவர்தான்.

அக்கா: அந்த இதயத்தில் உங்கள் மாமாவுக்குப் பாதித் தலைதான் தெரியும். கிடக்கட்டும். மிக்ஸிங்குக்கு முன்னால் எடுத்த டேப் எங்கே?

கடைக்காரர்: அதை அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துவிடுவார்கள். டேப் அப்போது என்ன விலை!

அக்கா: ஆக, எங்கம்மா பேச்சுக்கு மேலே யாரோ வீட்டுக் காதுகுத்து.

கடைக்காரர்: பாட்டுதான் பிடிக்கவில்லை என்றால் புதுசாக ஒன்று...

அக்கா: பாட்டை எடுக்க முடியுமா, முடியாதா?

கடைக்காரர்: எடுத்தால் ஒன்றுமே கேட்காதே, அக்கா!

அக்கா: இரண்டாவது டிஸ்க்கைப் போடு. பந்தி.

கடைக்காரர்: பந்தியே நாற்பது நிமிஷம் ஓடுகிறது.

அக்கா: ஓடாமல் என்ன? உங்கப்பா ஒவ்வொரு இலையாக லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாயில் அப்பளத்தை வைத்துக்கொண்டு மனுஷன் எந்தப் பக்கம் சிரிப்பான்? பாயசம் வரும்போது ஒரு பாட்டு முடியும். அடுத்த பாட்டைத் தேடுகிற பதற்றத்தில் எங்கள் சத்தத்தை அடைக்க மறந்துவிட்டார். பத்து வினாடி. அங்கே நிறுத்து.

கடைக்காரர்: அப்படி இடைவெளி எதுவும் இல்லையே.

அக்கா: இருக்கும். பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கேசட் அது. எங்கம்மா கேமராவைப் பார்த்து, "ஏம்ப்பா, இப்படி மூஞ்சியில் வெளிச்சம் அடிக்கிறாயே, உனக்கு யாரும் இலை போடவில்லையா? அணைத்துவிட்டு வந்து உட்கார்" என்பார். உங்கப்பாவைத்தான்.

கடைக்காரர்: ஓ... அதுவா?

அக்கா: எதுவா?

கடைக்காரர்: ஏதோ டிஸ்டர்பன்ஸ் என்று நினைத்தேன் அக்கா. அதன் மேலும் பாட்டை இழுத்துவிட்டேன்.

(டிஸ்க் மட்டும் சுற்றுகிறது.)

அக்கா: அப்பா பாட்டு போட்டது போக மிஞ்சினதே அந்தப் பத்து வினாடிதான். அதற்காகத்தான் முட்டி வலியோடு பரணில் ஏறினேன்.

கடைக்காரர்: கேசட்டில் அப்படியே இருக்கிறது, நான் கை வைக்கவில்லை. ஆனால் வேகமாக ஓட்டினால் இந்த வயசான டேப் அறுந்தாலும் அறுந்துவிடும். சும்மா ஓடவிட்டால் பந்தி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

அக்கா: ஆகட்டும். ஒரு நாற்காலி போடு.

கடைக்காரர்: அதையும் டிஸ்க்கிலேயே தரட்டுமா?

அக்கா: எங்கள் வீட்டில் டிஸ்க் போட ஏது பெட்டி? பையன் லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. பென் டிரைவில் கொடு. பாட்டு இல்லாமல்.

கடைக்காரர்: (கேசட்டைத் தள்ளியபடி) அக்கா... எங்கப்பா என்ன பதில் சொன்னார்?

அக்கா: வாயைத் திறந்தார். அதற்குள் பாட்டு வந்துவிட்டது.