செவலைக்கு அவகாசம் கொடுங்கள்

நான் தத்துக் கொடுத்த பயந்த நாய் செவலை, ஒரு வாரம்கூட ஆகாமல் திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமை பதிவையும் அதற்குக் கீழே நடந்த சண்டையையும் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையை மறுபடி முழுசாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் கமென்டில் வந்த சிலவற்றுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டால், அடுத்து இவளைக் கேட்டு வருகிறவர்களும் அதையே நம்பிவிடுவார்கள். "குறையுள்ள நாயை மறைத்துத் தள்ளிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு லைக் போட்டவர்களில் என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். பார்த்தேன். வலித்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பித் தந்ததில் எனக்கு வருத்தம்தான், கோபம் இல்லை. முடியவில்லை என்றால் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள், தெருவில் விடாதீர்கள், வேறு கைக்கு மாற்றாதீர்கள் என்று படிவத்திலேயே எழுதி வாங்குகிறோம். அதன்படி கொண்டுவந்தார்கள். அதற்கு நன்றி. என் ஆற்றாமை எல்லாம் அந்த நாட்களில் அவளுக்கு நடந்ததைப் பற்றித்தான். முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு வாரத்தில் ஒரு பயந்த நாயைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைத்தேனாம். எதை? அவள் பயந்தவள் என்று தத்துப் பதிவின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். தொலைபேசியில் அரை மணி நேரம் சொன்னேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். முதல் சில நாள் கட்டிலுக்கடியிலேயே கிடப்பாள், சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள், உறவினர்களைக் கொஞ்ச நாளைக்கு வரச் சொல்லாதீர்கள், வெளியே கூட்டிப் போனால் ஹார்னஸும் (உடம்பில் மாட்டும் பட்டை) கழுத்துப்பட்டையும் இரண்டுமே போட்டு இரண்டு லீஷ் பிடியுங்கள். இத்தனையும் சொன்னேன். "சரிங்க, பார்த்துக்கிறோம்" என்றார்கள்.

அவள் போன இரண்டாம் நாளே அந்த வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள் விழா. ஸ்பீக்கரில் பாட்டு, பலூன், பத்துப் பதினைந்து பிள்ளைகள். நாய்க்குட்டியைப் பார்க்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுத்திருக்கிறார்கள். அவள் உறுமினாள். இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. இதுதான் "கடிக்க வந்தது, வீட்டை நாசம் பண்ணியது" என்று கமென்டில் வந்திருக்கிறது. கடிக்கவில்லை. அவ்வளவு பேர் இழுத்தும் அவள் யாரையும் கடிக்கவில்லை. அதை மட்டும் யாருமே எழுதவில்லை.

உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. "தயவுசெய்து தள்ளிப் போ" என்று அதற்குச் சொல்லத் தெரிந்த வழி அது. உறுமினதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். அதற்கு முன்பே நாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிடும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், அப்படியே கல்லாக உறைந்து நிற்கும். செவலை அந்தக் கட்டிலுக்கடியில் இதையெல்லாம் செய்துதான் இருப்பாள். பாட்டுச் சத்தத்தில் யார் கவனிப்பது?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக அவள் கதை கொஞ்சம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர் பக்கம் தண்ணீரில் கிடந்து எடுக்கப்பட்ட குட்டி. கூடப் பிறந்தவை பிழைக்கவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு மாதம் இருக்கும். ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இடமும் ஆளும் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் ஒரு குட்டி மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரைக்கும் எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதைத்தான் பெரும்பாலும் பிறகு பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். மனிதக் கை, குழந்தை, மிக்ஸி சத்தம், பைக், மாடிப்படி எல்லாம் அந்தக் காலத்தில் அறிமுகமாக வேண்டும். செவலைக்கு அதில் மிச்சமிருந்த வாரங்கள் கூண்டுக் கம்பிக்குப் பின்னால் போய்விட்டன. சுற்றிலும் குரைப்பு. ஆளைப் பார்ப்பதே ஊசி போட வரும்போதுதான். அப்படி வளர்ந்தவள் கையைப் பார்த்தால் பின்வாங்காமல் என்ன செய்வாள்?

என்னிடம் வந்த புதிதில் நான் சமையலறையில் இருக்கிறேன் என்றால் அவள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இப்போது தட்டு வைத்துவிட்டு நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்தால் வருவாள். எப்படி வருவாள் தெரியுமா? பின்னங்கால் இரண்டையும் வாசல் பக்கமே ஊன்றி வைத்துக்கொண்டு, உடம்பை முன்னால் நீட்டி, கழுத்தை இன்னும் நீட்டி, மூக்கு மட்டும் தட்டைத் தொடும். ஏதாவது சத்தம் கேட்டால் ஓடத் தயாராக. ஒரு வாய் எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்று மென்று முழுங்கிவிட்டு அடுத்த வாய்க்கு வருவாள். போன மாதம் பின்னங்காலும் சேர்ந்து வந்தது. அன்று எங்கள் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் மீட்டிங், நான் விடாமல் போன் பண்ணிச் சொன்னேன். இந்தச் சந்தோஷம் புரிகிறவர்களுக்குத்தான் நான் இதை எழுதுகிறேன்.

அவள் திரும்பி வந்த அன்று காரின் டிக்கியில் நைலான் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார்கள். நான் கொடுத்தனுப்பிய ஹார்னஸ் பிரிக்காத பையில் அப்படியே இருந்தது. கழுத்தில் கயிறு அழுத்திய தடம். முன்னங்கால் நகங்கள் தேய்ந்து ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது. கதவைப் பிறாண்டியிருக்கிறாள். இப்போது மறுபடியும் பின்னங்கால் வாசலில் நிற்கிறது.

அடுத்து, "இவ்வளவு பயந்த நாயை எதுக்குத் தத்துக் கொடுக்கறீங்க, தெருவிலேயே விட்ரலாமே" என்று கேட்டவருக்கு. நீங்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தெருவில்? தெரு நாய்க்கும் இடம் உண்டு, சொந்தம் உண்டு, எல்லை உண்டு. அதனால்தான் 2023-இன் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளில்கூட, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று இருக்கிறது. இவள் இரண்டு மாதக் குட்டிக்குப் பிறகு தெருவில் வாழ்ந்ததே இல்லை. இவளை மடிப்பாக்கத்தில் ஏதாவது தெருமுனையில் இறக்கிவிட்டால், ஒன்று அங்கிருக்கும் நாய்கள் கடித்துக் குதறும், இல்லையென்றால் மிரண்டு ஓடி மெயின் ரோட்டில் லாரிக்கு அடியில் போவாள்.

தெரு நாய்க்கே இப்போது நிம்மதி இல்லை. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி டெல்லி நாய்களை மொத்தமாகப் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் உத்தரவு. 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசி முடித்துப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து அகற்றச் சொல்லி இன்னோர் உத்தரவு. ஒவ்வொன்று வரும்போதும் எனக்கு போன் வரும், "எங்க தெரு நாயை நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று. ஒருவராவது செவலையைக் கேட்டு அழைத்ததில்லை.

"நாய்க்கடியில் குழந்தைகள் சாகிறார்கள், அதைப் பேசுங்கள்" என்கிறார் இன்னொருவர். பேசுகிறேன். அந்தப் பயம் நியாயமானது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. அந்த அம்மா அப்பாவிடம் போய் நாய்ப் பாசம் பேசுகிற அளவுக்கு நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஊசி போட்டு, கருத்தடை செய்து, ஒரு வீட்டுக் கதவுக்குள் நாயைக் கொண்டுபோவதைவிட உங்கள் குழந்தைக்குப் பாதுகாப்பான வழி எது? 2024 கணக்கெடுப்பில் சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள். அதே சென்னையில்தான் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. ஊசியும் கத்தியும் ஒரு பக்கம் நடக்கட்டும். இன்னொரு பக்கம் ஆளுக்கு ஒன்றை வீட்டுக்குள் எடுத்தால்தான் எண்ணிக்கை குறையும். எங்களைத் திட்டுவதால் ஒன்றும் குறையாது.

"மனுஷனுக்கே சோறில்லை" வகைக் கமென்டுகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை.

நிபந்தனைகள் அதிகம் என்கிறார்கள். வீட்டை வந்து பார்க்கிறோம், பால்கனிக்கு வலை கேட்கிறோம், வீட்டு ஓனரின் சம்மதம் கேட்கிறோம். ஆமாம், கேட்போம். பயந்த நாய் ஓடுவதற்கு முதல் சில நாட்கள்தான் ரொம்ப ஆபத்தான காலம். காஸ் சிலிண்டர்காரருக்குத் திறந்த கதவிடுக்கில் போய்விடும். ஓடினால் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது, துரத்தினால் இன்னும் ஓடும். அப்படிப் போய்த் திரும்பக் கிடைக்காத நாயின் போட்டோவை இரவெல்லாம் பகிர்ந்துகொண்டிருப்பது நாங்கள். நிபந்தனை அங்கிருந்து வந்தது.

என் அம்மாச்சி வீடு சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். மாட்டுத் தொழுவத்தில் கருப்பன் என்று ஒரு நாய் இருந்தது. எங்கிருந்தோ வந்தது. யாரும் அதைத் தொட்டதில்லை, தொடவும் விடாது. லீவுக்குப் போகும் பேரப்பிள்ளைகள் நாங்கள் பக்கத்தில் போனாலே வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விடும். அம்மாச்சி தினமும் ஒரே நேரத்தில், அதே உடைந்த சட்டியில் கஞ்சியை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். நாங்கள் எட்டிப் பார்த்தால், "அதும் போக்குல வுடுங்க, அது பாட்டுக்குத் திங்கட்டும்" என்பார். ஆனால் விடியற்காலை இருட்டில் அம்மாச்சி கிணற்றுக்குப் போனால் பத்தடி பின்னால் கருப்பனும் போகும். அவர் நின்றால் அதுவும் நிற்கும். குடத்தோடு திரும்பும்வரை அந்தப் பத்தடியை விடாது. அம்மாச்சி ஒரு நாளும் அதைத் தடவிக் கொடுத்ததில்லை, மடியில் போட்டுக் கொஞ்சியதில்லை. "இது விளையாடவே மாட்டேங்குது, வேற நாய் கொடுங்க" என்று அவர் யாரிடமும் கேட்டதும் இல்லை.

நம்மிடம் அந்தப் பொறுமை இருந்தது. எங்கே போனது? இப்போது வீட்டுக்கு வந்த அன்றே கை கொடுக்க வேண்டும், மடியில் தூங்க வேண்டும், ரீல்ஸுக்கு முகம் காட்ட வேண்டும். தத்து கேட்டு வரும் அழைப்புகளைக் கேட்டிருக்கிறீர்களா? லாப் இருக்கா, பக் இருக்கா, ராஜபாளையம் வெள்ளையா கிடைக்குமா? நாட்டு நாய்தான் என்றால் குட்டியா? குட்டி என்றால் ஆணா? பெண் என்றால் போனை வைத்துவிடுவார்கள், கருத்தடை முடிந்தது என்று சொல்லி முடிப்பதற்குள். செவலை நாட்டு நாய், பெண், இரண்டு வயது தாண்டியவள், அதோடு பயந்தவள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் அவளைப் போன்றவர்களுக்கு என்ன மிச்சம்? எல்லோரிடமும் பல்லைக் காட்டிச் சிரித்துப் பழகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஊரில் வீடா?

சரி. இவ்வளவு எழுதியது வீடு தேடத்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வேண்டியது அமைதியான வீடு. ஓய்வுபெற்ற தம்பதி, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பம், யாரானாலும் சரி. கைக்குழந்தையோ சின்னப் பிள்ளைகளோ உள்ள வீட்டுக்கு இந்த முறை தருவதாக இல்லை. நன்றாகப் பழகிய இன்னொரு நாய் ஏற்கெனவே இருந்தால் ரொம்ப நல்லது, மற்ற நாய்களைப் பார்த்துத்தான் அவள் தைரியம் கற்கிறாள். லிஃப்டில் ஏறமாட்டாள், அதனால் தரைத்தளம் அல்லது தனி வீடு. தீபாவளி வெடிக்கு அவளோடு உள்ளறையில் உட்கார ஆள் வேண்டும்.

மீட்பு வேலையில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வோம். மூன்று நாளில் மிரட்சி கொஞ்சம் அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற எண்ணம் வரும். செவலைக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். அவள் எப்போதும் வாசலுக்கு ஓடிவந்து வரவேற்கிற நாயாக ஆகாமலே போகலாம். அதையும் ஏற்றுக்கொள்ள முடிந்தவர்கள் மட்டும் எழுதுங்கள்.

தடுப்பூசிகள், கருத்தடை, மைக்ரோசிப் எல்லாம் முடிந்தது. மாநகராட்சி உரிமத்தை உங்கள் பெயரில் எடுக்க நானே கூட வருகிறேன். சாப்பாட்டுச் செலவுக்குச் சிரமம் என்றால் அதையும் பேசிக்கொள்ளலாம், கூச்சப்பட வேண்டாம். கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் சில முறை எங்கள் வீட்டுக்கு வந்து, அவளைப் பார்க்காத மாதிரி, பேசாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். முதல் முறை அவள் வெளியே வரமாட்டாள், காபி மட்டும் கிடைக்கும். இன்பாக்ஸில் எழுதும்போது எந்த ஏரியா, வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் ஓனரிடம் கேட்டுவிட்டே எழுதுங்கள்.